கைக்கெட்டாத உயரத்தில் ஒரு விளக்கு

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லாமே தம்பிக்கு ஆபத்தாக இருந்தது. தோரணம் கட்டக்கூடாது, மாவிலை காய்ந்து அவன் வாய்க்குள் விழும். கோலம் போடக்கூடாது, மாவை நக்கிவிடுவான். மத்தாப்புப் புகை அவன் நெஞ்சுக்கு ஆகாது. கடுதாசிப் பூச்சரம் தொங்கவிட்டால் இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வான். விளக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். இத்தனை சாகசங்களுக்கும் உரிய என் தம்பிக்கு அப்போது வயது இரண்டு மாதம். போட்ட இடத்தில் கிடப்பான்.

எனக்கு எட்டு வயது. நியாயம் பேசும் வயது.

"அவனுக்குப் பொரளவே தெரியாதேம்மா."

"இன்னைக்குத் தெரியாது. நாளைக்குப் பொரண்டான்னா?"

"தீபாவளி இன்னைக்குத்தானே?"

"வாய மூடு புள்ள."

அத்தோடு நியாயம் முடிந்தது. தம்பிமேல் எனக்கு இருந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரெல்லாம் கொண்டாட, ஒரு பொடியனுக்காக நாங்கள் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டுமா என்று பொருமினேன்.

கண்டியில் ஒரு சந்துக்குள், மாடியில், ஒற்றை அறையும் சின்ன அடுப்படியும்தான் அப்போது எங்கள் வீடு. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புவரை பெரிய தெருவில் இருந்தோம். முன்பக்கம் அப்பாவின் புடைவைக் கடை, பின்பக்கம் வீடு. ஆடி மாதம் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் இரண்டையும் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். நான் அந்த வாரம் கலஹாவில் மாமா வீட்டில் இருந்தேன். கடை தீப்பிடித்துவிட்டது என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். சாமி படத்துக்கு வைத்த ஊதுவத்தியை யாரோ அணைக்காமல் போயிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதனால் நெருப்பென்றால் அம்மா பயப்படுவது எனக்கு ஓரளவு சரியாகவே பட்டது.

அப்பா மாத்தளையில் தெரிந்தவர் ஒருவரின் கடையில் வேலைக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமா குடும்பமும் வரவில்லை. விடியற்காலையில் அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்து முழுக வார்த்து, புதுச் சட்டையைப் போட்டுவிட்டாள். அதைப் பார்ப்பதற்கு ஆளில்லை. தம்பியிடம் காட்டினேன். அவன் கொட்டாவி விட்டான்.

பழைய வீட்டில் தீபாவளி இப்படியா இருந்தது! பொழுது சாயும்போது அம்மா வாசலில் வரிசையாக அகல் வைப்பாள். "வெளக்கு வச்சாச்சு, இனி வர ஆரம்பிச்சிருவாங்க" என்று சொல்லிக்கொண்டே பலகாரத் தட்டுகளை எடுப்பாள். சொன்னபடியே வருவார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள், அப்பாவின் வாடிக்கைக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள், செருப்பு வைக்க இடமிருக்காது. விளக்கு வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இந்த வருடம் ஒருவரும் வராததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். நான் யோசித்தேன். அம்மாவின் கவலை தம்பியின் கைக்கு எட்டுவது பற்றித்தானே? எட்டாத இடத்தில் வைத்தால் போயிற்று. அந்த அறையின் ஜன்னல் நன்றாக உயரத்தில் இருந்தது. காற்று தம்பிக்கு ஆகாது என்று பகலிலும் அதை அடைத்தே வைத்திருந்தோம். கதிரையின்மேல் முக்காலியைப் போட்டேன், முக்காலியின்மேல் நான் ஏறினேன். குழந்தைக்குத் துளியும் ஆபத்தில்லாத ஏற்பாடு. கொண்டியை நீக்கி ஜன்னலை விரியத் திறந்தேன். சாமி விளக்கிலிருந்து நெருப்பெடுத்து, அகலை ஏற்றி, ஜன்னல் கட்டையில் சந்துப் பக்கம் பார்க்க வைத்தேன். மழைக்கால இருட்டில் அது எவ்வளவு அழகாக எரிந்தது! எதிர்வீட்டு டீச்சர் தன் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். சிங்களப் பெண்மணி. எப்போதாவது சந்தில் கண்டால் சிரித்து, ஒரு டொபி மிட்டாய் தருவார். நான் கையசைத்துவிட்டு இறங்கினேன்.

அம்மா வந்து பார்த்தாள். தம்பியைப் பாயில் கிடத்தியதும், கதிரைமேல் ஏறி எரிகிற திரியை விரலாலேயே நசுக்கியதும், ஜன்னலை அடைத்துக் கொண்டியைப் போட்டதும் எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன. அகல் கீழே விழுந்து உடைந்தது.

"எல்லாரும் பாக்கட்டும்னா வச்ச?"

"ஆமா" என்றேன். உண்மை அதுதானே.

கன்னத்தில் அறை விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததே இல்லை. தம்பிக்கு எட்டாது என்று அளந்து வைத்தவளுக்கு இதுவா பரிசு என்று எனக்கு அழுகை முட்டியது. அழத் தொடங்குமுன் கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வந்துவிட்டார்கள்! விளக்கு எரிந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது, அதற்குள் ஆள் வந்துவிட்டது. நான் எழுந்தேன். அம்மா என்னைப் பிடித்திழுத்து, தம்பியையும் வாரியெடுத்து, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். சாமி விளக்கையும் ஊதி அணைத்தாள். மறுபடி தட்டினார்கள். "மகளே, கதவைத் திற" என்று சிங்களத்தில் ஒரு குரல். டீச்சரின் குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். தீபாவளிக்கு ஏதோ கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றும் சொன்னார்.

அம்மாவின் கை என் வாயை இறுக்கி மூடியது.

"சத்தம் போடாத, தம்பி முழிச்சிருவான்" என்று என் காதில் சொன்னாள்.

டீச்சர் சிறிது நேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு செருப்புச் சத்தம் சந்தின் மறுபக்கம் போனது. அதன் பிறகும் அம்மா கையை எடுக்கவில்லை. தம்பி அவள் மடியில் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தான். இருட்டில் அம்மா அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கையை எடுத்ததும் அதைச் சொல்லிவிடலாம், டீச்சரைக் கூப்பிட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.