நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவருடைய வேலை. வாயைத் திறக்க அவசியமே இல்லாத வேலை. வீட்டுக்கு வந்து மண்டையோடு போட்ட கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டதும் அவர் டிரம்ஸ் இடியும் கத்தலுமான ஹெவி மெட்டல் பாட்டுகளுக்கான ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்கு முதலாளி ஆகிவிடுவார். கம்பெனி என்பது படுக்கையறையில் பாதி. அட்டைப்பெட்டிகள் கூரை வரை நின்றன. தன் பக்கத்துக்குப் போக மனைவி நண்டு மாதிரி நடக்கப் பழகியிருந்தாள். அவளுடைய தையல் மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

"முதலாளி, கொஞ்சம் நரகத்தை நகத்துங்க. பீரோவைத் திறக்கணும்" என்பாள். நரகம் என்றால், அட்டையில் தீ எரிகிற படம் போட்டு, விற்காமல் தங்கிவிட்ட தட்டுகள்.

கம்பெனிக்கு ஒரே கொள்கைதான். பாட்டுகளில் கை வைப்பதில்லை. இசைக்குழுக்காரர்கள் பதிவு செய்ததை நேராகத் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் முதலாளி ஒரு வரிகூடக் கேட்கமாட்டார். பெரிய கம்பெனிக்காரர்கள் அதைக் குறை, இதைக் கூட்டு என்று கலைஞனின் கழுத்தை நெரிக்கிறார்கள், நான் அந்த ரகம் இல்லை என்பார். பெருமையான கொள்கை. சௌகரியமும்கூட.

அப்படியும் குழுக்கள் ஒவ்வொன்றாகப் பெரிய கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தன. கழுத்தைக் கொடுக்க அவ்வளவு ஆசை. கடைசியில் மிஞ்சியது ஒரு குழு. பாடகருக்குப் பட்டப்பெயர் காட்டேரி, பகலில் குழந்தைத் துணிக்கடையில் விற்பனையாளர். டிரம்ஸ்காரர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், கனத்த உடம்பு. கிதார் வாசிப்பது காட்டேரியின் மச்சான். இவர்களும் போய்விட்டால் கம்பெனி இல்லை. அறை முழுக்க மனைவிக்கு. ஜன்னலோரம் மெஷின் போடுவதற்கு அவள் அளவெடுத்தே வைத்திருந்தாள்.

இவர்களுடைய புதுப் பாட்டின் மாதிரித் தட்டு தொழிற்சாலையிலிருந்து வந்தது. கேட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் மீதியை அச்சடிப்பார்கள். முதலாளி திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேடையில் தடதடவென்று ஓடுகிற குழு இது. இப்போதோ ஒரு மலை எழுந்து நடக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. காட்டேரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பசங்க பக்குவப்பட்டுட்டாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

"துணி துவைக்கிற மெஷின் சாகப்போற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தில் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்று வேகத்தை அச்சடித்தார். விளம்பரத்துக்கு 'அவசரப்படும் உலகத்துக்கு ஒரு கல்லறையின் பதில்' என்று தானே எழுதினார். ஒரு பத்திரிகை அதை அப்படியே திருப்பி எழுதிப் பாராட்டியது. இதுவரை இல்லாத அளவுக்குத் தட்டு விற்றது.

குழுவுக்கான பெட்டி போய்ச் சேர்ந்த அன்று டிரம்ஸ்காரர் போன் செய்தார்.

"முதலாளி, வேகம் முப்பத்துமூணுன்னு போட்டிருக்கே."

"எல்லாத் தட்டும் முப்பத்துமூணுதானேப்பா."

"பாட்டெல்லாம் சின்னது, நாற்பத்தஞ்சு சுத்துல ஓடற மாதிரி அச்சடிங்கன்னு தொழிற்சாலைக்கு எழுதினோமே. முப்பத்துமூணுல போட்டா இழுத்துக்கிட்டுப் போகுமே. உங்களுக்கும் அனுப்பினோமே."

அனுப்பியிருந்தார்கள். அவர் படிக்கவில்லை. கலைஞர்களின் கடிதங்களில் தலையிடுவதும் அவர் வழக்கம் இல்லை.

காட்டேரி போனைப் பிடுங்கினார். "கை வைக்க மாட்டேன்னீங்க. வைக்கலதான். காலை வெச்சு மிதிச்சுட்டீங்க. சனிக்கிழமை கச்சேரியில மேடை ஏறி எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இல்லன்னா நாங்க கிளம்பறோம்."

கடையில் வாடிக்கையாளர் எட்டிப்பார்த்தாலே குனிந்துகொள்கிறவர் முதலாளி.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "சொல்லலன்னாலும் பரவாயில்ல. நான் மெஷினை உள்ள கொண்டு வந்துடறேன்."

டேபிள் டென்னிஸ் மன்றத்துக் கூடத்தில் மேசைகளை மடக்கிச் சாய்த்துவிட்டுக் கச்சேரி நடந்தது. கறுப்புச் சட்டைகளால் கூடம் நிரம்பிவிட்டது. குழு தன் வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தது. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் இப்படி ஓடறாங்க? யாராவது துரத்தறாங்களா?" என்றான் முன்வரிசையில் ஒரு தாடிக்காரன்.

பாட்டு முடிந்ததும் காட்டேரி முதலாளியைத் தோளைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார். முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேகத்தைத் தப்பா அச்சடிச்சது நான்தான். தட்டை நாற்பத்தஞ்சுல போட்டுக் கேளுங்க. அதுதான் இவங்க."

தாடிக்காரன் பொறுமையாக விளக்கினான். "போட்டுப் பாத்தோம்ணே. அதுல ஆழம் இல்ல."

"இது இவங்க பாட்டுப்பா."

"இவங்களுக்கு என்ன தெரியும்? இவங்க பாடறவங்கதானே."

பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று குரல் கிளம்பியது. டிரம்ஸ்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு அடி அடித்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு இரண்டாவது அடி. "தோளுக்கு இதமா இருக்கு" என்றார் யாரிடமோ. வேறு வழியில்லாமல் காட்டேரியும் சேர்ந்துகொண்டார். முன்பு ஒரு நொடியில் கத்தி முடித்ததை இழுத்து இழுத்துக் கத்தியதில் கழுத்து நரம்பு புடைத்தது. மச்சானுக்கு நடுவில் தண்ணீர் குடிக்க நேரம் கிடைத்தது. கூட்டம் கண்ணை மூடித் தலையாட்டியது.

முடிந்ததும் காட்டேரி கம்மிய குரலில் சொன்னார். "மேடை ஏறிச் சொல்லிட்டீங்க. நாங்க போகல. ஆனா இனிமே எந்தப் பாட்டையும் முன்கூட்டியே நீங்க கேக்கணும். முழுசா. எங்க முன்னாடி உக்காந்து."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கட்டில் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, புதிதாகப் பதிவு செய்ததைப் போட்டார்கள். முழு வேகத்தில். ஆறு கண்களும் முதலாளி முகத்தில். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் ஒரு பெட்டியின் ஒட்டுநாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்றார் காட்டேரி.

"கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"கொஞ்சம்?"

"கொஞ்சம் மெதுவா இருந்தா..."

டிரம்ஸ்காரர் சட்டென்று நிமிர்ந்தார். காட்டேரி கட்டில் விளிம்பிலிருந்து முன்னால் நகர்ந்தார். பிறகு, "எந்த இடத்துல?" என்று கேட்டார்.

எந்த இடம் என்று முதலாளிக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னார்.