பிரேக் இருக்கும் இடம்

எங்கள் நாமக்கல் பக்கத்தில் லாரி ஏறினால் முதல் வேலை செருப்பைக் கழற்றுவது. வெறுங்கால் பட்டால்தான் பெடல் நம் பேச்சைக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் முறிந்த வலது கணுக்காலின் மாவுக்கட்டைப் பிரித்ததும் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தேன். உணர்ச்சி நன்றாகவே இருந்தது. அது போதும் என்று மறுநாளே வாசலில் நின்ற வண்டியை எடுத்தேன். பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது ஆக்ஸிலேட்டரை. வண்டி மோதித் துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்தது. அதில் துணி துவைத்துவிட்டு அப்போதுதான் கொடிப்பக்கம் போயிருந்தாள் என் மனைவி.

அவள் திட்டவில்லை. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் அவளே அழைத்துப் போனாள். அந்தப் பெண் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இடது பாதத்தைச் சற்று மடக்கி வைத்தாள். வலது பாதத்தையும் அதேபோல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். கண்ணைத் திறந்தால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம்.

"தோலுக்கு எல்லாந் தெரியுதுங்ணா. மூட்டுக்குத்தான் தான் எங்க இருக்கறம்னு மறந்துபோச்சு" என்றாள்.

பிறகு என் பாதத்தை இரண்டு கைகளாலும் பற்றி, மெல்ல அசைத்து, சட்டென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். 'மொடுக்'கென்று சத்தம். திரும்பவும் கண்ணை மூடினேன். இருட்டுக்குள் என் கால் இருந்தது. எப்படிச் சொல்வது? எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. இத்தனை வருஷமாக வண்டி ஓட்டியது நான் என்று நினைத்திருந்தேன். எனக்கே தெரியாமல் இது அல்லவா ஓட்டியிருக்கிறது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இது இப்படியே நிற்காது, பயிற்சியும் செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் கறாராகச் சொன்னாள். தினமும் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பழகினேன். விழுந்துவிடாமல் பிடிக்க மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் சாவியை நீட்டினாள். "நானும் வாரனுங்க" என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். காலி வண்டிதான். அவள் கண் ரோட்டில் இல்லை. என் காலிலேயே இருந்தது. வளைவு திரும்பியதும் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. நான் நினைக்கும் முன்பே கால் போய் பிரேக்கில் உட்கார்ந்தது. வண்டி நின்றது. ஆடுகள் சாவகாசமாகக் கடந்து போயின.

அதன் பிறகு திருச்செங்கோடு வரும்வரை அவள் என் காலைப் பார்க்கவே இல்லை.