எம்டன் என்றொரு சீஸ்

சீஸ் செய்வது பெரிய வித்தையில்லை. செய்ததற்கு ஒரு பெயரை வைத்து, கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தொழில். சொந்தமாக எதையாவது செய்து விற்கக் கிளம்பியவர்கள் அப்படி நின்றிருப்பீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல் உதவியாளாக இருந்துவிட்டு, இரண்டாயிரத்து மூன்று வாக்கில் கரையேறினேன். கப்பலில் ஒரு குக் சொல்லிக்கொடுத்த சீஸ்தான் கைமுதல். திருவொற்றியூரில் ஒரு சின்ன அறை, பழைய ஏ.சி., நான், என் மனைவி செல்வி. ஒரு வருடம் பார்ப்பது, சீஸ் நிற்காவிட்டால் நான் மறுபடி கப்பலேறுவது என்று பேச்சு. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒவ்வொரு முறை நான் ஊர் திரும்பும்போதும் யாரோ வந்துவிட்டதாக நினைத்துக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பெயர் சூட்டு விழா

முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதும், அவை கரும்புகையாக எரிந்ததும் பழைய கதை. எங்கள் சீஸுக்கு மேலே கொட்டாங்கச்சிக் கரி பூசுவோம். வெளியே கன்னங்கறுப்பு, உள்ளே வெள்ளை. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குப் புகை ஞாபகம் வந்து, 'எம்டன்' என்று லேபிள் அடித்துவிட்டேன். கப்பல்காரன் புத்தி கப்பலுக்குத்தானே போகும்!

ஊர் கப்பலை எப்போதோ மறந்துவிட்டு, பெயரை மட்டும் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் காஜா பாய் லேபிளை இரண்டு தடவை படித்தார். "இன்னா மாமு, பலே கில்லாடியத்தான் நாம எம்டன்னுவோம். ஏமாத்துறவன் பேர போட்டுகினு வந்து, நம்பி வாங்குன்னு சொல்றியே!"

அரை மணி நேரம்

இருந்தாலும் பாய் நல்ல மனுஷன், நான்கு வட்டு சீஸ் வாங்கி வைத்தார். அதில் ஒன்றை வாங்கியவர் எம்.கே.பி. நகரில் கணவரோடு பரோட்டாக் கடை நடத்தும் தேவி அக்கா. மூன்றாம் நாள் விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கையில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ வெள்ளையாக இருந்தது.

கரியோடு சாப்பிடலாம் என்று லேபிளில் போட நான் மறந்திருந்தேன். சரக்கு கலீஜாகிவிட்டது என்று நினைத்து, அக்கா அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார். "அரை மணி தேச்சேன் நைனா. கரியும் பூட்ச்சு, கூடவே உன் எம்டனும் பூட்டான். பாதிய எங்க வூட்டுக்காரரு பரோட்டா கல்லுல போட்டுட்டாரு, மீதி இந்தா."

மீஞ்சூர்ப் பால்

பெயரை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்த வாரம், பால்காரர் ஏகாம்பரத்திடம் அதைச் சொன்னேன். மீஞ்சூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் கேனோடு வருகிறவர். கேனை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்.

அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். எம்டன் சுட்டதும் கட்டின துணியோடு வடக்கே ஓடி, மீஞ்சூரில்தான் நின்றாராம். பயந்து ஓடியதைச் சொல்லிக் கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று வெட்கப்பட்டுத் திரும்பவே இல்லை. அங்கேயே மாடு வாங்கி, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். கேட்டதும் பெயர் மாற்றும் யோசனையை விட்டுவிட்டேன். கறுப்பைப் பார்த்து நான் விளையாட்டாக வைத்த பெயர், பாலிலேயே இருந்திருக்கிறது. ஏகாம்பரம் சொன்னார்: "அவன் மட்டும் சுடலைன்னு வெச்சிக்க, நானும் இல்ல, மாடும் இல்ல, உன் சீஸும் இல்ல."

ஏறக்குறைய ஒரே பெயர்

பதினோராவது மாதம், நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். தலைமைச் சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு ருசித்தார். வாரா வாரம் செய்கிற அத்தனையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். லேபிளில் 'எடாம்' என்று மட்டும் போட வேண்டும். அது வந்து தங்குகிறவர்களுக்குத் தெரிந்த வெளிநாட்டு சீஸ், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதானே என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கப்பலேற வேண்டாமே என்ற ஒரே எண்ணம்தான்.

புது லேபிளை ஒட்ட உட்கார்ந்த செல்வி, எடாம் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். இல்லை, அது வேறு ஜாதி, செய்முறையே வேறு என்றேன். பசை டப்பாவை மூடிவிட்டாள். "எம்டன்னு பேர் வெச்சிகினு நேர்மையா வித்தோம். எடாம்னு ஒட்டினாத்தான்யா அது எம்டன் வேலை."

கரையில் நின்ற கப்பல்

ஓட்டல் போயிற்று. மறுபடி கப்பலேறத் தேவையான ஊழியர் புத்தகத்தைப் புதுப்பிக்கலாம் என்று தூசு தட்டி எடுத்தேன். மகள் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் கதவுப் பக்கம் போனாள். கிளம்பப் போகும் நேரத்தில் தேவி அக்கா கூடையோடு வந்து நின்றார். அன்றைக்கு அவர் கணவர் பரோட்டா மேல் உதிர்த்துப் போட்ட பாதி, கடையில் சாப்பிட்டவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. பாயிடம் வாங்கி வாங்கி, இப்போது பாயிடமும் தீர்ந்துவிட்டதாம். "கல்லாண்ட வர்றவன்லாம் 'மாஸ்டர், ஒரு எம்டன் போடு'ன்றான். கீறத பூரா குடு நைனா, வாரா வாரம் வருவேன். பேர மட்டும் மாத்திடாத, அப்பால எவனுக்கும் தெரியாது."

அக்கா போனதும் செல்வி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். "வூட்டுக்கு ஒரு கப்பல் போதும்."

அன்று வந்த எம்டன் ஊரையே ஓடவைத்துவிட்டு அரை மணியில் கிளம்பிப் போனது. எங்களுடையது, ஓடத் தயாராக நின்ற ஒரே ஒருவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை பரோட்டாக் கடை வரைக்கும்தான் போய்வருகிறது.