பாலில் கலந்த சூரணம்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைப் பயத்தில் மகளுக்குத் தூக்கமே இல்லை. குற்றாலத்து மருந்துக்கடையில் சடாமாஞ்சில் சூரணம் வாங்கினேன். தூக்கம் வரும், ஆனால் மூளை மந்தமாகிவிட்டால்? நானே குடித்தால் என் மந்தம் எனக்கே தெரியாது. அதனால் சோதித்துப் பார்க்க, பஸ் ஓட்டும் கணவரின் பாலில், அவரிடம் சொல்லாமல் கலந்தேன். நன்றாகத் தூங்கினார். காலையில் தெளிவாகவே பேசினார்.

அன்று பஸ்ஸை ஓட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் போகும் வழியில், இலஞ்சிக் குளக்கரையில் கண் அயர்ந்துவிட்டார். "அண்ணாச்சி!" என்று கண்டக்டர் அலறியதால் வண்டி கரையோரம் நின்றது.

"ஏட்டி, எனக்கு வயசாயிட்டோ? இனி வண்டியைத் தொடலாமா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

"முந்தியே சொல்லியிருந்தா லீவு போட்டுட்டுல்லா குடிச்சிருப்பேன்" என்றார்.

அவர் ஏசவே இல்லை. அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.