விருந்தாளிகள் வராத சனிக்கிழமை

வான் வண்டியின் கதவைத் திறந்ததும் பொரித்த ரோல்ஸ் வாசமும் தைல வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தால், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு "மலை காட்ட" லென்சர்ஹைடேக்குப் போகிறோம் என்று பொருள். சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் வாழ்ந்த எங்களுக்கு மலை யன்னலுக்கு வெளியேதான் நின்றது; ஆனாலும் விருந்தாளி இல்லாமல் மேலே போகும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

அப்பாவுக்கு அந்தப் பயணம் வேப்பங்காய். அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிப்பது அவர் வேலை. பனி கொட்டிய நாள்களில், குடியிருப்பவர்கள் வேலைக்குக் கிளம்புவதற்குள் நடைபாதைப் பனியைத் தள்ளித் துப்புரவாக்கி உப்புத் தூவியிருக்க வேண்டும். "கிழமை முழுக்கத் தள்ளின பனியைச் சனிக்கிழமையும் போய்ப் பாக்கோணுமோ?" என்பார். விருந்தாளிகளோடு சிறிது நேரம் நின்றுவிட்டு, பைகளுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி வானுக்குத் திரும்பிச் சீற்றைச் சாய்த்துக்கொள்வார். என் வகுப்புப் பிள்ளைகளை அவர்களின் அப்பாமார் "ஷ்லிட்டன்" என்ற மரச்சறுக்குவண்டியில் முன்னால் இருத்தி ஓட்டிவர, நான் மட்டும் தனியே சறுக்கி வருவேன். ஒருமுறையாவது என்னோடு வாருங்கள் என்று நான் கெஞ்சாத ஆண்டில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஒரு குளிர்காலம். எனக்குப் பத்து வயது. ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா குடும்பம் வரவிருந்தது. அங்கே பனிப்புயல், விமானம் ரத்து என்று சனிக்கிழமை காலை தொலைபேசி வந்தபோது, அம்மா பன்னிரண்டு பேருக்கு ரோல்ஸ் பொரித்து முடித்திருந்தார். அப்பா சிநேகிதரின் வானை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். பெரிய நிம்மதியோடு சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவரை அம்மா விடவில்லை.

"சமைச்சதை என்ன செய்யிறது? வெளிக்கிடுங்கோ, நாங்களே போவம்."

மேலே போனதும் அப்பா பழக்கதோஷத்தில் வான் பக்கம் திரும்பினார். காவல் காக்க அன்று விருந்தாளிகளின் பை ஒன்றும் இல்லை. நான் சறுக்குவண்டியின் கயிற்றை அவர் கையில் திணித்தேன். "ஒருக்காத்தான், பிள்ளை" என்று முணுமுணுத்தபடி பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டாவது வளைவில் குடைசாய்ந்தோம். அவருடைய கழுத்துப்பட்டிக்குள் பனி புகுந்துவிட்டது. இனி வரவே மாட்டார் என்று நான் அழ ஆயத்தமானேன். அவரோ எழும்பாமல் மல்லாக்கப் படுத்து, வெள்ளை போர்த்து நின்ற மரங்களையும், அவற்றுக்கு மேலே நீலமாய்க் கிடந்த வானத்தையும், காலடிகூடப் படாத சரிவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஒருத்தரும் தள்ளத் தேவையில்லை, என்ன?" என்றார்.

பிறகு எழுந்து, தோளைத் தட்டிக்கொண்டு, "வா, இன்னொருக்காப் போவம்" என்று கயிற்றை அவரே இழுத்துக்கொண்டு மேலே நடந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை சறுக்கினோம். குளிர் தாங்காமல் வானுக்குள் போயிருந்தது அம்மாதான்.

இப்போது வரும் உறவினர் தாங்களே கைபேசியில் பயணச்சீட்டு எடுத்து மலை பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தச் சரிவில் சில ஆண்டுகள் தை மாதத்திலும் புல்தான் தெரிகிறது. அப்பாவின் முழங்கால் இனிச் சறுக்க விடாது. எங்கள் அல்பங்களில் அந்தப் பனியில் நின்று சிரிக்காத உறவினர் இல்லை. அத்தனை படங்களையும் எடுத்தவர் அப்பா, அதனால் ஒன்றிலும் அவர் இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கோ ஒரு படமும் கிடையாது. கமெரா நாள் முழுவதும் வானுக்குள் கிடந்தது. அப்பாவுக்கு அதை எடுக்க நேரம் இருக்கவில்லை.