வாப்பா வெளிநாட்டில்

என் அக்கா, ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானதும், மடவளையில் நிக்காஹ் பதிவாளர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"புள்ளட வாப்பா ஹயாத்தா, மவுத்தா?"

பெண்ணின் தகப்பனான மச்சான் மவுத்தென்றால் அவருடைய தம்பி வலீயாக நின்று பெண்ணைக் கொடுக்கலாம். உயிரோடு தூரதேசத்தில் இருக்கிறார் என்றால் காதி நீதிபதியான காதியார்தான் நிற்க வேண்டும். எதைச் சொல்வது? யுத்த காலத்தில், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, சரக்குக் கப்பலில் குசினியில் சமையல் வேலைக்குப் போன மனுசன். சீமெந்து ஏற்றும் கப்பல் என்றார்கள். பிறகு தகவலே இல்லை. அப்படியொரு கப்பல் தங்களிடம் இருந்ததேயில்லை என்று கம்பனி கையை விரித்தது. ராத்தா ஏறி இறங்காத கந்தோர் இல்லை.

போன மாதம் யூடியூபில் ஒருவர் பேசினார். யுத்தத்துக்காக வெளிநாடுகளில் களவாகக் கப்பலும் ஆயுதமும் வாங்கிக் கொடுத்தவராம். யாருக்கு என்றால், "கேட்டவைக்கு" என்று சிரித்தார். சீமெந்து மூட்டைக்கு அடியில் ஷெல் பெட்டி அடுக்கியதையும், நடுக்கடலில் கப்பலின் பெயரை அழித்து வேறு பெயர் எழுதியதையும் பெருமையாகச் சொன்னார். அழித்த பெயர் மச்சானுடைய கப்பலின் பெயர்.

விசாரித்தால், ஆள் பல்லேகலயில் வீடு கட்டிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறார். ராத்தாவும் நானும் போனோம். கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். கப்பலை எந்தத் துறைமுகத்தில் வாங்கினார், எஞ்சின் என்ன, எங்கே குண்டு பட்டு மூழ்கித் தாண்டது, எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

"அதில வேல செஞ்சிட்டு ஈந்த ஆக்கள்?" என்று ராத்தா கேட்டார்.

"நான் கப்பல்தான் வாங்கினனான், தங்கச்சி. ஆக்கள எடுத்தது வேற ஆக்கள்."

"கப்பல் தாண்ட எண்டு காதியார்ட்ட வந்து ஒரு வார்த்த செல்லுங்க. அது போதும்."

"அங்கயெல்லாம் வரேலாது. பிறகு எனக்கெல்லோ பிரச்சினை."

ஊர் உலகம் பார்க்கப் பேசியவருக்கு ஒரு காதியாருக்கு முன்னால் வாய் வராதாம். அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

சாட்சி இல்லாமல் மவுத்தென்று தீர்க்க முடியாது என்றார் காதியார். கடைசியில் அவரே வலீயாக நின்றார். வாப்பா வெளிநாட்டில் என்று பதிவானது.

கலியாணத்தன்று சஹன் தட்டில் சாப்பிட்டு எழும்பிய தூரத்து உறவுக்காரர், வாசலில் நின்ற ராத்தாவிடம் விடைபெற்றார்.

"அவர் ஒரு லீவு போட்டுட்டு வந்தீக்கலாமே. ஒரே மகள்ட கலியாணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். ராத்தா முந்திக்கொண்டார்.

"கேட்டாராம். விடல்லயாம்."