கிணறு வெட்டிய தாத்தாக்களும் என் கல்யாண லீவும்

தண்ணீர் பம்பு விற்பவனுக்கு வாய் வேண்டும். என் முதலாளிக்கோ காது மட்டும்தான் இருந்தது. எழுபதுகளில் வளைகுடாப் பக்கம் புஜைராவில் அவர் கடையில் நான் சேல்ஸ்மேன். துரை ஸ்காட்லாந்துக்காரர்; இங்கிலீஷ்காரர் என்று வாய்தவறிச் சொன்னால் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். வியாபாரத்துக்கு வந்த மனுஷனுக்குத் திடீரென்று இந்த ஊர்ச் சரித்திரத்தை எழுதும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கடைகளில் குப்பை கொட்டிய சகோதரர்களே, என் பாட்டைக் கேளுங்கள்.

லீவு மாஃபி

ஊரில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. ஐப்பசிக்குள் தாலி கட்டாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். லீவு கேட்டேன். மாஃபி, அதாவது கிடையாது. "கோட்டைப் பக்கத்துக் கிணற்றை வெட்டியது யார் என்று தெரியட்டும். முதல் அத்தியாயம் முடிந்ததும் கிளம்பு. அதுவரை கடையை யார் பார்ப்பது?" என்றார் துரை.

ஒரு கிணறுதானே என்று துள்ளிக் குதித்தேன். ரூமில் கூட இருந்த மதுரைக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி, பொண்ணு வீட்டுக்கு இப்பவே மன்னிப்புக் கேட்டுத் தந்தி அடிச்சுடுப்பா!"

முதல் தாத்தா

மோட்டார் தீய்ந்துபோய், மரமெல்லாம் வாடுகிறதே என்று பதறிக்கொண்டு வந்தார் ஒரு பேரீச்சந்தோட்டக்காரர். துரை அவரை உட்காரவைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்து, கிணற்றைப் பற்றிக் கேட்டார். "அதுவா? எங்க தாத்தா வெட்டினது!" அடடா, என் காதில் நாதஸ்வரமே கேட்டது!

மத்தியானம்வரை பேசிவிட்டு, பம்பை மறந்து எழுந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். "நாளைக்கு வாங்கிக்கறேன் தம்பி. கதையில எங்க தாத்தாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

எனக்கும்தான் ஆகவில்லை!

அடுத்த தாத்தாக்கள்

மறுநாள் படகுக்காரர் ஒருவர் மோட்டாருக்கு பெல்ட் வாங்க வந்தார். கிணறு வெட்டியது அவர் தாத்தாவாம். துரை எழுதியதைக் கிழித்தார். அடுத்து ஆட்டு வியாபாரி, அவர் தாத்தாவாம். மறுபடியும் கிழித்தார். செய்தி பரவி, எதுவுமே வாங்காமல் தாத்தாவை மட்டும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டே வந்தது. ஆட்டு வியாபாரியிடமே போய்ப் புலம்பினேன். அவர் பாசமாகத் தோளைத் தட்டினார். "கவலைப்படாதே பாய், எங்க அம்மாவோட அப்பாவும் அந்தக் கிணத்தைத்தான் வெட்டினார்."

பஞ்சாயத்து

அடித்துக்கொண்டாவது ஒரு தாத்தாவை முடிவு பண்ணட்டும் என்று எல்லாப் பேரன்களையும் ஒரே நாளில் கடைக்கு வரச்சொன்னேன். காப்பி தீர்ந்தது, சத்தம் தீரவில்லை. துரையோ குழந்தை மாதிரிக் கைகொட்டி, "சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள்!" என்றார். போச்சு, என் கல்யாணம் போச்சு! பம்புப் பெட்டிமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

தோட்டக்காரர் என்னை விசாரித்தார். சொன்னேன். உடனே துரை பக்கம் திரும்பி ஒரு போடு போட்டார்: "கலாஸ், போதும் முடிச்சுக்கோ! இவனை ஊருக்கு அனுப்பு. இவன் கல்யாணம் பண்ணினாத்தானே நாளைக்கு ஒரு பேரன் 'எங்க தாத்தா'ன்னு வந்து நிக்க முடியும்?"

துரை சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. லீவு அன்றைக்கே கிடைத்தது.

ஐப்பசியிலேயே தாலி கட்டினேன். இப்போது என் பேரன், புஜைராக் கோட்டைக் கிணற்றை வெட்டியதே எங்க தாத்தாதான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறான், நானும் மறுப்பதில்லை.